தானாக மூச்சு விடாத எஞ்சின்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் மானத்தை வாங்கியது ஒரு சத்தம்.

தரைக்குள் தூண் அடித்து இறக்கும் பைலிங் வேலை நடந்துகொண்டிருந்த தளம் அது. சேற்று நிலம். நடுவே கனத்த மரக்கட்டைகளைப் பரப்பி, அதன் மேல் ஒரு பழைய கிராலர் கிரேனை நிறுத்தியிருந்தார்கள். படிப்பு முடித்த கையோடு பராமரிப்புப் பிரிவில் ஹெல்பராகப் போயிருந்தேன். கிரேனைக் கிளப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் வீலென்று அலற ஆரம்பித்தது. வேகம் எல்லை மீறிப் போகிறது, இப்போது உள்ளே ஏதோ உடைந்து வெளியே வரப்போகிறது என்று நினைத்துவிட்டேன். ஓடிப்போய் ஏணியில் தொற்றிக்கொண்டு, "அண்ணே, ரேஸைக் குறைங்க, எஞ்சின் போயிரும்!" என்று ஆபரேட்டரிடம் கத்தினேன். அவர் பதில் பேசவில்லை. எஞ்சினின் சுற்றைக் காட்டும் டேகோமீட்டர் கண்ணாடியை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார். முள் 1800-ல் அசையாமல் நின்றது. கீழே இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு வாரத்துக்கு என் பெயரே "ரேஸைக் குறைங்க" என்று ஆனது.

அந்தக் கிரேனுக்குள் இருந்தது டெட்ராய்ட் டீசல் 6-71. ஆறு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். நான் அதுவரை படித்ததும் கழற்றிப் பூட்டியதும் ஃபோர்-ஸ்ட்ரோக் டீசல்கள்தான். அதில் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு சிலிண்டர் ஒரு முறை வெடிக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்கும். ஆறு சிலிண்டர் நிமிடத்துக்கு 1800 சுற்று ஓடினால் நொடிக்கு 180 வெடிப்பு. ஃபோர்-ஸ்ட்ரோக் ஆறு சிலிண்டரில் அதே 180 வரவேண்டுமென்றால் 3600 சுற்றில் ஓடவேண்டும். அந்த அளவுள்ள டீசல் எஞ்சினை அப்படி ஓட்டினால் நான் பயந்தது நடந்தே தீரும். காது எண்ணுவது வெடிப்பைத்தானே, சுற்றையா எண்ணுகிறது? அதற்குத் தெரிந்த கணக்கை வைத்து அது சரியாகத்தான் பயந்தது.

ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிப்பு என்றால் சக்தியும் இரண்டு மடங்கு வருமா என்று கேட்பார்கள். வராது. ஏன் வராது என்பதில்தான் இந்த எஞ்சினின் முழு ஜாதகமும் இருக்கிறது.

ஃபோர்-ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் ஒருமுறை கீழே இறங்குவது காற்றை இழுக்க மட்டும். ஒருமுறை மேலே ஏறுவது புகையைத் தள்ள மட்டும். அதாவது பாதி நேரம் அது ஒரு பம்ப்பாக இருக்கிறது. தன் மூச்சைத் தானே விட்டுக்கொள்கிறது. டூ-ஸ்ட்ரோக்கில் அதற்கு நேரமே ஒதுக்கவில்லை. கீழே இறங்குவது சக்தி, மேலே ஏறுவது அழுத்தம். இந்த இரண்டுக்கும் நடுவே, பிஸ்டன் அடிமட்டத்தில் திரும்பும் அந்தச் சின்ன இடைவெளியில், பழைய புகை போய்ப் புதுக் காற்று வந்தாகவேண்டும். பிஸ்டன் அந்த வேலையைச் செய்யாது. வேறு யாராவது ஊதிவிட வேண்டும். இதன் பலம், இது தரும் தொல்லை, இதன் ஒழுகல், கடைசியில் சாலையை விட்டு இது போனது, எல்லாமே இந்த ஒரு குறையிலிருந்து வந்தவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் அந்தத் தளத்தின் மூத்த ஃபிட்டர். விளக்கம் சொல்லும் ஆள் இல்லை அவர். ஒருநாள் எஞ்சின் ஆறியதும், பிளாக்கின் பக்கவாட்டில் இருந்த ஒரு சின்ன மூடியைக் கழற்றி, டார்ச்சைக் கையில் கொடுத்து, "பாரு" என்றார். எந்த எஞ்சினிலும் பிளாக்கின் பக்கத்தில் ஓட்டை போட்டு பிஸ்டனைப் பார்க்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. உள்ளே ஒரு இருட்டறை; அதைத்தான் ஏர்பாக்ஸ் என்கிறார்கள். அதன் நடுவே பிஸ்டன் ஏறி இறங்கும் உறையான லைனர் தூண் மாதிரி நிற்கிறது. லைனரின் இடுப்பைச் சுற்றி வரிசையாகத் துளைகள், ஒரே பக்கமாகச் சாய்த்து வெட்டியவை. அவர் பாரைப் போட்டு கிராங்க்கை மெதுவாகத் திருப்பத் திருப்ப, பிஸ்டன் இறங்கி வந்து, அதைச் சுற்றியிருக்கும் இரும்பு வளையங்கள் ஒவ்வொரு ரிங்காக அந்த ஜன்னலைக் கடந்து போயின. கூர் சீவிய ஒரு மரக்குச்சியைத் துளை வழியே விட்டு ரிங்கை அழுத்தச் சொன்னார். அழுத்தினால் உள்ளே போய், விட்டால் திரும்பி வந்தது. "இது உயிரோட இருக்கு." அடுத்த சிலிண்டரில் இரண்டாவது ரிங் அசையவே இல்லை, கரி ஏறி இறுகிப்போயிருந்தது. "இது போச்சு." மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல, எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைத் தொடாமலே ஆறு சிலிண்டரின் வயதையும் கால்மணி நேரத்தில் சொல்லிவிட்டார். இன்றைக்கு வரும் எஞ்சின்களில் இதற்குக் கணினியைச் செருக வேண்டும். அப்போதும் ரிங்கைத் தொட்டுப் பார்க்க முடியாது.

அந்தத் துளைகள் வழியாகத்தான் காற்று உள்ளே வருகிறது. ஹெட்டில் இருக்கும் வால்வுகள் எல்லாமே புகை வால்வுகள். காற்று உள்ளே வர மேலே வழியே கிடையாது. பிஸ்டன் பாதிக்குமேல் இறங்கியதும் முதலில் மேலே வால்வு திறக்கும். புகை பீறிட்டுப் போய் உள்ளே அழுத்தம் விழும். அப்புறம் பிஸ்டன் துளைகளைத் தாண்டும். ஏர்பாக்ஸில் காத்திருக்கும் காற்று சுழன்றுகொண்டே உள்ளே ஏறி, மிச்சப் புகையை மேலே தள்ளிக்கொண்டு போகும். கீழே நுழைந்து மேலே வெளியேறுவது, ஒரே திசை. வாசலும் கொல்லையும் நேர்கோட்டில் இருக்கும் வீட்டில் காற்று போவது போல. இது எல்லாம் நடக்கக் கிடைக்கும் நேரம், எஞ்சின் 2100 சுற்றில் ஓடும்போது, ஒரு நொடியில் சுமார் நூறில் ஒரு பங்குதான்.

இந்தக் காற்றை ஊதித் தள்ளுவது எஞ்சினின் பக்கத்தில் தொங்கும் ரூட்ஸ் புளோவர். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் காப்புரிமை எடுத்தது. வார்ப்பாலைகளுக்குக் காற்று ஊதவும், சுரங்கங்களுக்குக் காற்று அனுப்பவும்தான் முதலில் பயன்பட்டது. இரண்டு முறுக்கிய ரோட்டர்கள், ஒன்றின் பள்ளத்தில் மற்றொன்றின் மேடு புகுந்து சுழலும். ஆனால் ஒன்றையொன்று தொடாது, சுவரையும் தொடாது. நடுவே மயிரிழை இடைவெளி. அதனால் உள்ளே எண்ணெய் வேண்டாம். எண்ணெய் வேண்டியது இரு முனையிலும் இருக்கும் கியருக்கும் பேரிங்குக்கும்தான். அந்த எண்ணெயைக் காற்றறைக்குள் வரவிடாமல் காப்பது ஆளுக்கொரு சின்ன சீல். இந்த சீலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

கார் பந்தயக்காரர்கள் இதே 6-71 புளோவரைக் கழற்றி பெட்ரோல் எஞ்சின் தலையில் வைத்து சூப்பர்சார்ஜர் ஆக்கினார்கள். அந்த உலகத்தில் 6-71 என்றாலே புளோவர்தான், அது எந்த எஞ்சினின் பெயர் என்று பலருக்குத் தெரியாது. அதனாலேயே ஒரு தவறான எண்ணம் பரவிவிட்டது: புளோவர் கூடுதல் சக்திக்காக வைத்தது என்று. டூ-ஸ்ட்ரோக் டீசலில் அது உயிர்மூச்சு. அதைக் கழற்றினால் எஞ்சின் சக்தி குறைந்து ஓடாது, ஓடவே ஓடாது. பின்னால் டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று காற்று ஊதும் விசிறி) வைத்த மாடல்களிலும் புளோவரை எடுக்கவில்லை, ஏனென்றால் கிளப்பும்போது டர்போவைச் சுழற்றப் புகையே இருக்காது.

இந்த எஞ்சின் வந்த கதை கனரக இயந்திரங்களில் தொடங்கவில்லை, ரயிலில் தொடங்கியது. 1930-ல், பின்னாளில் இதைச் செய்த ஜெனரல் மோட்டார்ஸ், விண்டன் எஞ்சின் கம்பெனியையும் எலக்ட்ரோ-மோட்டிவ் கம்பெனியையும் (பின்னாளில் இஎம்டி) வாங்கியது. ஜெனரல் மோட்டார்ஸில் ஆராய்ச்சிக்குத் தலைவராக இருந்தவர் சார்லஸ் கெட்டரிங். டூ-ஸ்ட்ரோக் டீசல்தான் எடை குறைந்த எஞ்சினுக்கு வழி என்று பிடிவாதமாக நின்றவர். 1933-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் இரண்டு எஞ்சின்களை வைத்து ஓட்டிக்காட்டினார்கள். பகலெல்லாம் ஓட்டம், இரவெல்லாம் பழுது. எந்தெந்தப் பாகம் தொல்லை கொடுத்தது என்ற பேச்சு வந்தபோது, எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியில் மட்டும் பிரச்சினை வந்ததாக நினைவில்லை என்றாராம் கெட்டரிங்கின் மகன் யூஜின். பராமரிப்பில் இருந்தவர்களுக்கு அந்த இரவுகள் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.

அடுத்த வருடமே, 1934 மே 26 அன்று, 600 குதிரைத்திறன் கொண்ட அந்த விண்டன் எஞ்சினோடு ஸெஃபிர் என்ற ரயில் டென்வரிலிருந்து சிகாகோ வரை ஆயிரம் மைலுக்கு மேல் பதின்மூன்று மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாக எடுத்து நிற்காமல் ஓடியது. நீராவி எஞ்சினின் நாள் எண்ணப்பட்டது அன்றுதான் என்று ரயில் பித்தர்கள் சொல்வார்கள். அந்த வழியில் வந்தவைதான் இஎம்டியின் 567, 645, 710 எஞ்சின்கள். இந்த எண்கள் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு, கன அங்குலத்தில். எங்கள் 71-ம் அதே கணக்குதான்: ஒரு சிலிண்டருக்கு 71 கன அங்குலம், முன்னால் இருக்கும் 6 சிலிண்டர் எண்ணிக்கை. பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. மார்க்கெட்டிங்காரர்கள் கை வைப்பதற்கு முன்னால் பெயர்கள் இப்படித்தான் இருந்தன.

71 வரிசை வந்தது 1938-ல். பிஸ்டன் விட்டம் நாலேகால் அங்குலம், ஓட்டம் ஐந்து அங்குலம். இரண்டு சிலிண்டராக இருந்தாலும் பதினாறு சிலிண்டராக இருந்தாலும் பிஸ்டன், லைனர், டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டரில் பெரும்பாலும் ஒரே சாமான். பிளாக்கை முன்பின்னாகத் திருப்பலாம், புளோவரை எந்தப் பக்கமும் மாட்டலாம், எந்தத் திசையிலும் சுற்றவிடலாம். புல்டோசருக்கும் படகுக்கும் ஜெனரேட்டருக்கும் ஒரே ரேக்கில் உதிரிபாகம். இந்த வசதிதான் இதை எல்லா இடத்துக்கும் கொண்டுபோனது. இரண்டாம் உலகப்போரில் 6-71 இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் பூட்டி எம்4ஏ2 ஷெர்மன் டாங்கியை ஓட்டினார்கள். கரையில் ஆட்களை இறக்கிய ஹிக்கின்ஸ் படகுகளில் 225 குதிரைத்திறனோடு இருந்ததும் இதே எஞ்சின்தான். போர் முடிந்தபோது இதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஆயிரக்கணக்கானவர்கள் ஊர் திரும்பினார்கள். மண் அள்ளும் இயந்திரம் செய்தவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? அல்லிஸ்-சால்மர்ஸ் தன் புல்டோசர்களில் முன்பே 3-71, 4-71, 6-71 என்று அளவுக்கு ஏற்றபடி வைத்திருந்தது. யூக்ளிட் 1950-களில் டிசி-12 என்று ஒரு புல்டோசர் செய்தது. அதில் இரண்டு எஞ்சின், ஒவ்வொரு டிராக்குக்கும் ஒன்று. திருப்ப வேண்டுமென்றால் ஒரு எஞ்சினை வேகமாக்கினால் போதும். ஒன்றில் தொல்லை வந்தால் எத்தனை பேர் இரண்டையும் சேர்த்துத் திட்டியிருப்பார்கள்!

இந்த வரிசையில் எனக்குப் பிடித்த பைத்தியக்காரத்தனம் டெரெக்ஸ் 33-19, டைட்டன் என்று பெயர். 1970-களில் செய்த சுரங்க டம்பர். சுமை 350 டன். அவ்வளவு சுமைக்கு ஏற்ற லாரி எஞ்சின் கிடைக்காததால், ரயில் எஞ்சினையே தூக்கி உள்ளே வைத்துவிட்டார்கள்: இஎம்டி 645, பதினாறு சிலிண்டர், 3300 குதிரைத்திறன். அது ஜெனரேட்டரைச் சுழற்ற, அந்த மின்சாரத்தில் பின்சக்கர மோட்டார்கள் ஓடின. ஒன்றே ஒன்றுதான் செய்தார்கள். இப்போது கனடாவின் ஸ்பார்வுட் ஊரில் நெடுஞ்சாலை ஓரமாக, எஞ்சின் இல்லாமல், பார்வைக்கு நிற்கிறது.

சரி, சீலுக்கு வருகிறேன்.

மூன்றாவது மாதம். எஞ்சினைச் சுற்றித் தரையைச் சுத்தமாக வைப்பது ஹெல்பர் வேலை. எங்கள் 6-71 ஓயாமல் ஒழுகும். பிளாக்கின் பக்கத்திலிருந்து இரண்டு சின்னக் குழாய்கள் கீழே வரும். அதன் நுனியில் எப்போதும் கறுப்பாக ஒரு சொட்டு நின்றுகொண்டே இருக்கும். காலையில் துடைத்தால் மதியம் திட்டுத் திட்டாக எண்ணெய். சூப்பர்வைசர் வந்து தரையைப் பார்த்து முகம் சுளிப்பார். ஒருநாள் பொறுமை போய், இரண்டு மர ஆப்பைச் சீவி அந்தக் குழாய்களில் அடித்து அடைத்துவிட்டேன். ஒழுகல் நின்றது. எனக்கு ஒரு சொட்டுக்கூட ஒழுகாத எஞ்சின் கிடைத்தது. சூப்பர்வைசர் பாராட்டினார். அந்த வேலையில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம், வேலை முடிந்து ஆபரேட்டர் எஞ்சினை நிறுத்த லீவரை இழுத்தார். சத்தம் குறையவில்லை. ஒரு நொடி தயங்கியது, அப்புறம் ஏற ஆரம்பித்தது. முதல் நாள் நான் கேட்டுப் பயந்த அலறல் இதன் பக்கத்தில் தாலாட்டு. சைலன்ஸரிலிருந்து வெள்ளையும் நீலமுமாகப் புகை. கிரேன் முழுக்க நடுங்கியது. டீசல் முழுக்க அடைத்தாயிற்று, ஆனாலும் வேகம் ஏறிக்கொண்டே போகிறது. சாவியைத் திருப்பினால் நிற்க இதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. எரிய எதுவும் கிடைக்கும்வரை, மூச்சு கிடைக்கும்வரை டீசல் எஞ்சின் ஓடும். நான் பின்னால் பின்னால் போனேன். மூத்த ஃபிட்டர் மட்டும் முன்னால் போனார், கையில் நீளமான ஸ்பேனரோடு. புளோவரின் வாயில் ஒரு அவசர மூடி உண்டு. கேபினிலிருந்து கேபிளை இழுத்தால் டப்பென்று மூடி, காற்றை நிறுத்தும். அந்தக் கேபிள் எப்போதோ அறுந்து யாரும் கவனிக்காமல் இருந்தது. அவர் ஸ்பேனர் நுனியால் மூடியின் கொக்கியை ஒரு தட்டுத் தட்டினார். மூடி விழுந்தது. எஞ்சின் இரண்டு முறை குலுங்கி, மூச்சடைத்து நின்றது.

நின்ற பிறகு இருந்த அமைதியை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. எங்கோ தவளை கத்தியது கேட்டது.

எஞ்சின் ஆறியதும் அவர் ஏர்பாக்ஸ் மூடியைத் திறந்தார். உள்ளே தரையில் எண்ணெய் குளமாக நின்றது. புளோவர் சீல் தேய்ந்துபோயிருந்தது. கியர் பக்கத்து எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றறைக்குள் வந்திருக்கிறது. அப்படி வருவது இந்த எஞ்சினில் எதிர்பார்த்த விஷயம். அதை வெளியேற்றத்தான் அந்த இரண்டு குழாயும். ஒழுகல் என்று நான் நினைத்தது, எஞ்சின் தன் சளியைத் துப்புவது. நான் அதன் வாயைப் பொத்தியிருக்கிறேன். குளம் நிறைந்ததும் காற்று அந்த எண்ணெயை வாரி எடுத்துக்கொண்டு சிலிண்டருக்குள் போயிருக்கிறது. எஞ்சின் தன் எண்ணெயையே குடித்து ஓடியிருக்கிறது. ஃபிட்டர் குனிந்து குழாயைப் பார்த்தார், ஆப்பைப் பார்த்தார். "இது யார் வேலை?" என்றார். சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். ஆப்பு இரண்டையும் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, "வச்சுக்கோ" என்று மட்டும் சொன்னார். இன்னும் வைத்திருக்கிறேன்.

அதற்கப்புறம்தான் என்னை டியூன்-அப்புக்குக் கூப்பிட்டார். தப்பு செய்தவனுக்குத்தான் இனி ஜாக்கிரதை இருக்கும் என்ற கணக்காக இருக்கலாம். 71-ல் உயர் அழுத்தக் குழாய் கிடையாது. பம்ப்பும் நாசிலும் ஒரே உடம்பில் இருக்கும் யூனிட் இன்ஜெக்டர், சிலிண்டருக்கு ஒன்று. கேம் தள்ள ராக்கர் அமுக்கும். டீசல் ஓயாமல் அதற்குள் சுற்றி, எரிந்தது போக மிச்சம் டேங்குக்குத் திரும்பும். போகிற போக்கில் இன்ஜெக்டரைக் குளிரவைக்கும். முதலில் வால்வு இடைவெளி. அப்புறம் இன்ஜெக்டர் உயரம்: எங்களுடையதற்கு 1.460 அங்குலம், அதற்கென்று ஒரு சின்னக் கம்பி அளவுகோல். கம்பியின் தலை, எண்ணெய் படிந்த மேல்தட்டை மட்டும் லேசாகத் துடைத்துக்கொண்டு போக வேண்டும். மோதினால் அதிகம், தொடாமல் போனால் குறைவு. அப்புறம் எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் இடைவெளி. கடைசியில் ரேக், இன்ஜெக்டர் எவ்வளவு டீசல் விடவேண்டும் என்பதை வைக்கும் பல்சட்டம். ஆறு இன்ஜெக்டரின் ரேக்கும் ஒரே தண்டில் கோத்தவை. ஆறும் ஒரே அளவு டீசல் கொடுக்கும்படி ஒவ்வொரு திருகாக, ஒன்றை இறுக்கி மற்றொன்றைத் தளர்த்தி, விரலால் ஆட்டிப் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும். ஒன்று இறுகிப் பிடித்துக்கொண்டால் தண்டு முழுக்க நிற்கும், ஆறும் முழு டீசலில் மாட்டிக்கொள்ளும். மறுபடியும் அந்த அலறல். நான் ஒரே ரேக்கை நான்கு தடவை வைத்தேன். அவர் ஐந்தாவது தடவை வைக்கச் சொன்னார்.

எண்ணெயிலும் இதற்குச் சொந்தப் பிடிவாதம். சாம்பல் குறைந்த, ஒற்றை கிரேடு 40. எல்லா வண்டிக்கும் ஊற்றும் 15டபிள்யூ-40 ஆகாது. ஆபரேட்டருக்கும் ஒரு பழக்கம் வேண்டும். குறைந்த வேகத்தில் இழுக்கச் சொன்னால் இது முனகும், பயன் இருக்காது. மேல் வேகத்திலேயே வைத்து வேலை வாங்க வேண்டும். மணிக்கணக்கில் சுமையில்லாமல் ஐடிலில் விட்டால் சூடு ஏறாமல், எரியாத டீசலும் எண்ணெயும் சைலன்ஸர் வழியே வடியும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் பழகியவர்கள் எஞ்சினுக்கு இரக்கப்பட்டு மெதுவாக ஓட்டுவார்கள். இதற்கு இரக்கம் ஆகாது.

வால்வே இல்லாமல் இதைச் செய்தவர்களும் உண்டு. ஒரே சிலிண்டரில் எதிரெதிராக இரண்டு பிஸ்டன். ஒன்று காற்றுத் துளையைத் திறக்கும், மற்றது புகைத் துளையை. பிரிட்டனின் காமர் லாரியில் 1954-ல் வந்த டிஎஸ்3 மூன்று சிலிண்டர், ஆறு பிஸ்டன், கீழே ஒரே கிராங்க். நேப்பியர் டெல்டிக் இன்னும் ஒரு படி மேல்: முக்கோணமாக அடுக்கிய பதினெட்டு சிலிண்டர், மூன்று மூலையிலும் மூன்று கிராங்க், முப்பத்தாறு பிஸ்டன். ரோந்துப் படகுக்காகச் செய்து, ரயிலிலும் ஓடியது. சோவியத்தின் டி-64 டாங்கியிலும் எதிர் பிஸ்டன் டூ-ஸ்ட்ரோக்தான். படத்தில் பார்க்க டெல்டிக் அழகு. அதைக் கழற்ற என்னைக் கூப்பிட்டிருந்தால் மறுநாள் லீவு போட்டிருப்பேன்.

இத்தனை இருந்தும் ஏன் போனது? மறுபடியும் மூச்சுதான். புகையைத் தள்ள ஊதும் காற்றில் ஒரு பங்கு புகையோடு வீணாகப் போகும், அதை ஊதிய சக்தியும் வீண். ரிங்குகள் துளைகளைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எண்ணெயைச் சிலிண்டருக்குள் கொண்டுபோகும். அது எரிந்து கரித்தூளாக வெளியேறும். அமெரிக்காவில் 1991-லும் 1994-லும் லாரி, பஸ் எஞ்சின்களின் கரித்தூளுக்கான வரம்பு இறுகியது. டெட்ராய்ட் டீசலே 1987-ல் சீரிஸ் 60 என்று கணினி வைத்த ஃபோர்-ஸ்ட்ரோக்கைக் கொண்டுவந்து, தன் பிள்ளையைத் தானே ஓரங்கட்டியது. ரயிலில் இஎம்டி 710 நீண்ட காலம் தாக்குப்பிடித்தது. அதன் டர்போவைக் கிளப்பும்போது கியர் சுழற்றும், புகை போதுமான அளவு வந்ததும் கிளட்ச் விடுபட்டு டர்போ தானாக ஓடும். மூச்சுப் பிரச்சினைக்கு நான் பார்த்ததில் அழகான தீர்வு. அதுவும் 2015-ல் வந்த அமெரிக்கப் புகை விதிக்கு முன் நிற்கவில்லை. புது ரயிலுக்கு இஎம்டியே ஃபோர்-ஸ்ட்ரோக் செய்தது.

கடலில் மட்டும் கதை தலைகீழ். 2006-ல் வந்த எம்மா மேர்ஸ்க் கப்பலில் இருப்பது வார்ட்சிலா-சுல்சர் ஆர்டி-ஃப்ளெக்ஸ் 96சி, டூ-ஸ்ட்ரோக், பதினான்கு சிலிண்டர், ஒரு லட்சம் குதிரைத்திறனைத் தாண்டும். பிஸ்டன் விட்டம் 96 சென்டிமீட்டர், ஓட்டம் இரண்டரை மீட்டர், எடை 2300 டன். முழு வேகத்தில் நிமிடத்துக்கு 102 சுற்று. அங்கேதான் விஷயம். 2100 சுற்றில் நூறில் ஒரு பங்கு நொடிக்குள் திணறிய வேலைக்கு, இங்கே இருபது மடங்கு நேரம் கிடைக்கிறது. நிதானமாக, முழுசாக மூச்சு விடுகிறது. எரிபொருளின் ஆற்றலில் பாதியைத் தண்டுக்குக் கொடுக்கிறது. ஃபோர்-ஸ்ட்ரோக் லாரி எஞ்சின்கள் அந்தப் பாதியைத் தொடவே பல காலம் திண்டாடின. கியர்பாக்ஸும் வேண்டாம்: கப்பல் பின்னால் போக வேண்டுமென்றால் எஞ்சினை நிறுத்தி, அழுத்தக் காற்றை விட்டு, எதிர்த்திசையில் கிளப்பிவிடுவார்கள்.

அந்தக் கிரேன் தூக்கிப் பிடித்திருந்ததைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. பைல் அடிக்கும் சம்மட்டி. உயரமான ஒரு இரும்புக் குழாய். அதற்குள் இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு உருளை எகிறி எகிறி விழும். ஒவ்வொரு அடிக்கும் பக்கவாட்டில் கறுப்புப் புகை. மாதக்கணக்கில் அதைப் பார்த்திருந்தும், கிரேன்தான் அதை ஏதோ வகையில் ஆட்டுகிறது என்றே நினைத்திருந்தேன். ஆப்பு சம்பவத்துக்குப் பிறகு ஒருநாள் ஃபிட்டரிடம் கேட்டேன், அது எதில் ஓடுகிறது என்று.

"அதுவும் எஞ்சின்தான் தம்பி. டூ-ஸ்ட்ரோக். கிராங்க் கிடையாது, புளோவர் கிடையாது, ஒண்ணுமே கிடையாது."

நிஜம்தான். அந்த உருளைதான் பிஸ்டன். கிரேன் கயிறு அதை ஒரே ஒருமுறை தூக்கி விடும். விழுகிற வழியில் அது ஒரு நெம்பை இடித்து, அடியில் இருக்கும் கட்டையின் குழிவில் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சும். துளைகளைத் தாண்டி இறங்கும்போது உள்ளே அகப்பட்ட காற்று அழுந்திச் சூடாகும். பிஸ்டன் போய்க் கட்டையில் மோதும். அந்த அடியே டீசலைத் தூளாகச் சிதறடிக்கும். வெடிக்கும். கட்டையும் பைலும் கீழே, பிஸ்டன் மேலே. துளை திறந்து புகை போகும். பிஸ்டன் இன்னும் மேலே ஏற ஏற, அதே துளை வழியாகப் புதுக் காற்று உள்ளே இழுபடும். யாரும் ஊதவேண்டாம். நான் பார்த்ததில் தானாக மூச்சு விட்ட டூ-ஸ்ட்ரோக் டீசல் அது ஒன்றுதான்.

ஆனால் அதற்குத் தரை ஒத்துழைக்க வேண்டும். புது பைலின் முதல் சில அடிகள் சேற்றில் வெண்ணெயில் கத்தி போல இறங்கும். எதிர்ப்பு இல்லாததால் பிஸ்டன் எகிறாது. ஒரு அடி அடித்து, ஒரு துளி புகை விட்டு, அப்படியே உட்கார்ந்துவிடும். ஆபரேட்டர் அலுக்காமல் மறுபடி கயிற்றை இறக்கிக் கொக்கியை மாட்டித் தூக்குவார், விடுவார். டொப். நிற்கும். மறுபடி தூக்குவார். டொப். கீழே 6-71 அலறிக்கொண்டிருக்கும், மேலே இது எழுந்திருக்க மறுக்கும். ஆறாவதோ ஏழாவதோ தடவை, பைலின் நுனி கெட்டி மண்ணைத் தொட்டதும், சத்தம் மாறும். டங். பிஸ்டன் குழாயின் வாய்க்கு மேலே தலையை நீட்டி எட்டிப் பார்த்துவிட்டு, தானாகவே கீழே போகும்.

"பிடிச்சுக்கிச்சு" என்று சொல்லிவிட்டு ஆபரேட்டர் கயிற்றைத் தளர்த்துவார்.